ஈசிஜி நார்மல் என்கிறார்கள்; அப்படியானால் அந்தப் படபடப்பு எங்கிருந்து வருகிறது?

உங்களுக்கு வயது 31. நான்கு மாதங்களுக்கு முன்பு, கூட்டமான டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தபோது திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்து, உயிர் போய்விடும் என்று தோன்றியிருக்கிறது. ஆட்டோ பிடித்து எமர்ஜென்சிக்குப் போனால் ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். “கேஸ்தான், பயப்படாதீங்க” என்று அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு பலமுறை வந்துவிட்டது. இன்று மனைவி துணையில்லாமல் பஸ் ஏற முடிவதில்லை. சட்டைப்பையில் பதற்றத்தைத் தணிக்கும் அல்ப்ரஸோலம் மாத்திரை பாதியாவது இல்லாமல் தெருமுனையைத் தாண்ட முடிவதில்லை. அம்மா மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டிருக்கிறார். “இது இதய நோயா, மனநோயா? மாத்திரை ஆயுசுக்கும் சாப்பிடணுமா?” என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்தபோது இவற்றுக்கு அடியில் மூன்றாவது ஒன்று இருப்பதாகப் படுகிறது: “அடுத்த முறை வரும்போது செத்துவிட மாட்டேன் என்று யாராவது உறுதி சொல்வீர்களா?” அதற்குத்தான் முக்கியமாகப் பதில் சொல்லப் போகிறேன். மற்ற இரண்டுக்கும் வழியிலேயே விடை கிடைத்துவிடும்.

நான் மனநல மருத்துவர். அரசு மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். உங்களைப் போன்றவர்கள் எங்களிடம் நேராக வருவதில்லை. இதய நிபுணர், வயிற்று நிபுணர், நரம்பு நிபுணர் என்று சுற்றி, ஒரு பை நிறைய ரிப்போர்ட்டுகளோடு கடைசியில்தான் வருவார்கள். எழுத்தை மட்டும் படித்து நோயை உறுதிசெய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனாலும் நீங்கள் சொல்வது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று கிளம்பும் கடும் பயத்தின் முகஜாடையோடு முழுக்கப் பொருந்துகிறது. முன்னறிவிப்பின்றித் தொடங்கி, பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாக இறங்கிவிடும். உங்களுக்கும் ஆட்டோ மருத்துவமனை வாசலில் நின்றபோதே பாதி குறைந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள்.

இது ஒருமுறை வந்தால் நோய் ஆகாது. பல நாடுகளில் நடந்த கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்தால், நூற்றுக்குப் பதின்மூன்று பேர்போல வாழ்நாளில் ஒருமுறையாவது இதை அனுபவித்திருக்கிறார்கள். அது பேனிக் டிஸார்டர் என்ற நோயாக மாறுவது நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவாகவே. காரணமே இல்லாமல் திரும்பத் திரும்ப வருவதோடு, அடுத்தது எப்போது வருமோ என்ற பயமோ, அதைத் தவிர்க்க வாழ்க்கையை மாற்றிக்கொள்வதோ ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அந்தப் பெயர். உங்கள் கதையில் அந்த இரண்டாவது பாதிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

முதலில் உடம்பைப் பற்றிய சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். இதே மாதிரிப் படபடப்பைத் தரும் வேறு சில உண்டு. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், எடை குறையும். இரத்தசோகை, சர்க்கரை இறங்குவது, ஆஸ்துமா இன்ஹேலரை அளவுக்கு மேல் இழுப்பது, அதிகக் காபி, எனர்ஜி டிரிங்க், குடித்த மறுநாள் காலை உடம்பு மதுவைக் கேட்பது, கஞ்சா இவையெல்லாமும் அப்படித்தான். இதயத்தில் மின் ஓட்டப் பாதை கோளாறால் துடிப்பு நிமிடத்துக்கு 150க்கு மேல் எகிறும் நிலை ஒன்று இருக்கிறது. அது ஒரே நொடியில் தொடங்கி ஒரே நொடியில் நிற்கும், பெரும்பாலும் அந்த நேரத்தில் எடுத்த ஈசிஜியில்தான் அகப்படும். உங்களுக்கு ஈசிஜியும் எக்கோவும் எடுத்தாயிற்று. தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சு இறுக்கி, உட்கார்ந்தால் குறைந்தால், வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினால், உண்மையிலேயே மயங்கி விழுந்தால், யோசிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோயாளிகள், புகைப்பவர்கள் நெஞ்சு வலியை ‘டென்ஷன்தான்’ என்று தாமாக முடிவுசெய்யக் கூடாது. இவ்வளவும் ஒரு தடவைக்குத்தான். எல்லாம் சரியாக இருந்தால் இந்தக் கதவைச் சாத்திவிட வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அந்தப் பத்து நிமிடத்தில் உடம்புக்குள் நடப்பது என்ன? இது நன்றாகத் தெரிந்த விஷயம், சந்தேகத்துக்கு இடமில்லை. ஆபத்து என்று மூளை கருதியதும் அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. ஓடவோ எதிர்க்கவோ தயாராக இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, வியர்க்கிறது, வயிற்றைப் பிரட்டுகிறது. மூச்சும் வேகமாகிறது. ஆனால் நீங்கள் ஓடவில்லை, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். உடம்பு உண்டாக்குவதைவிட அதிகமான கரியமில வாயு வெளியே போய்விடுகிறது. இரத்தத்தில் அது குறைந்ததும் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சற்றே சுருங்கித் தலை கிறுகிறுக்கிறது; விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகிறது; சிலருக்குக் கை விரல்கள் கோணி இழுத்துக்கொள்ளும்; சுற்றியுள்ளதெல்லாம் நிஜமில்லாததுபோலத் தோன்றும். காற்றே போதவில்லை என்று நீங்கள் இழுத்து இழுத்து மூச்சு விடுகிற அந்த நேரத்தில், விரலில் கருவி மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் 98, 99 என்று காட்டும். மூச்சு குறைவதால் வரும் தவிப்பு இல்லை இது, கூடுதலாக வாங்குவதால் வருவது.

கேஸ் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் நெஞ்சில் எது வந்தாலும், ஈசிஜி நார்மல் என்றால் மிச்சமிருப்பது கேஸ்தான். பயத்தில் அவசரமாக மூச்சு வாங்குபவர்கள் காற்றை விழுங்கவும் செய்கிறார்கள். வயிறு உப்பும், ஏப்பம் வரும், ஏப்பம் விட்டதும் கொஞ்சம் லேசாகும். ஆக, வாயு இருப்பது உண்மை. ஆனால் பெரும்பாலும் அது படபடப்பின் விளைவாக வந்தது. மாதக்கணக்கில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை போட்டும் பஸ் பயம் போகாமல் இருப்பது இதனால்தான்.

மயங்கி விழுந்துவிடுவேன் என்ற பயம் உங்களுக்குப் பெரிதாக இருப்பது தெரிகிறது. மயக்கம் வர இரத்த அழுத்தம் சட்டென்று இறங்க வேண்டும். பேனிக்கில் அது ஏறுகிறது. அதனால் கிறுகிறுப்பு எவ்வளவு வந்தாலும் விழுவது அரிது. இரத்தத்தையும் ஊசியையும் கண்டு பயப்படுபவர்கள் மட்டும் விதிவிலக்கு; அவர்களுக்கு அழுத்தம் நிஜமாகவே இறங்கும்.

இந்த உணர்வுகளே அட்டாக் ஆகிவிடுவதில்லை. மாடி ஏறினாலும் இதயம் இப்படித்தான் அடிக்கிறது, அப்போது நீங்கள் பயப்படுவதில்லை. 1986இல் டேவிட் கிளார்க் என்ற ஆக்ஸ்போர்டு உளவியலாளர் விளக்கிய சுழல் இது: உடம்பில் ஒரு சின்ன மாற்றம், அதை ‘ஹார்ட் அட்டாக்’, ‘பைத்தியம் பிடிக்கப் போகிறது’ என்று மனம் படிக்கிறது, அந்தப் பயம் இன்னும் அட்ரினலினைக் கொண்டுவருகிறது, மாற்றம் பெரிதாகிறது, ‘பார், நான் சொன்னது சரி’ என்கிறது மனம். இதயமா மனசா என்று நீங்கள் கேட்டதற்கு விடை இதில் இருக்கிறது. நல்ல இதயம், நல்ல நுரையீரல். அவற்றின் செய்தியைத் தவறாகப் படிக்கப் பழகிவிட்ட மூளை. நடிப்பும் இல்லை, மனபலம் குறைந்தவர் என்பதும் இல்லை. 1871இல் டா கோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர், உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட சிப்பாய்களிடம் இதே படபடப்பையும் மூச்சுத் திணறலையும் கண்டு விரிவாக எழுதினார். போர்க்களம் பார்த்தவர்கள் அவர்கள்.

இனிச் சொல்வதில் உறுதி குறைவு. முதல் அட்டாக் ஏன் வந்தது, ஏன் உங்களுக்கு, ஏன் அந்த பஸ்ஸில்? குடும்பத்தில் ஓரளவு ஓடுகிறது என்பது தெரியும். முந்தைய மாதங்களில் இழப்பு, வேலை நெருக்கடி, தூக்கக் கேடு இருந்ததாகப் பலரும் சொல்வார்கள்; உங்களுக்கு அப்பாவின் அறுவை சிகிச்சையும் வேலை மாற்றமும் ஒன்றாக வந்திருக்கின்றன. அதற்கு மேல் ஆய்வாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. மூச்சுத் திணறலை எச்சரிக்கும் ஏற்பாடு ஒன்று மூளையில் தவறாகக் கிளம்பிவிடுகிறது என்று 1993இல் டொனால்ட் கிளைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் வாதிட்டார். 2013இல் வெளியான ஓர் ஆய்வு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. பயத்துக்கு ஆதாரம் என்று நாம் நம்பும், மூளையிலுள்ள அமிக்டலா பகுதி இருபக்கமும் பழுதானவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒரு பெண்மணிக்குப் பாம்பைக் கண்டாலும் பயம் வராது. அவர்களைக் கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசிக்கச் சொன்னபோது மூவருக்கும் பேனிக் வந்தது. வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கான பயமும், உடம்புக்குள்ளிருந்து கிளம்பும் இந்தப் பயமும் ஒரே பாதையில் வருவதில்லை என்று தோன்றுகிறது. ஆனால் காரணம் முழுதாகப் புரியாமலேயே இதைக் குணப்படுத்த முடிகிறது. ‘ஏன்’ என்பதைக் கண்டுபிடித்தால்தான் சரியாகும் என்று வருடக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பேனிக் அட்டாக் வந்த நேரத்தில் அதுவே உங்கள் உயிரை எடுக்காது. ஆனால் நீங்கள் கேட்கும் அந்த நூற்றுக்கு நூறு உறுதியை, உங்களுக்கு எதுவுமே ஆகாது என்ற உறுதியை, எந்த மருத்துவராலும் எந்த மனிதருக்கும் தர முடியாது. அந்த உறுதியைக் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் இந்த நோயைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது என் அனுபவம். முதல் ஈசிஜிக்குப் பிறகு எத்தனை நாள் நிம்மதியாக இருந்தீர்கள், கடைசி ஈசிஜிக்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று நினைத்துப் பாருங்கள். கந்துவட்டிக்காரனுக்குக் கட்டுவதுபோல வட்டி போய்க்கொண்டே இருக்கிறது, அசல் அப்படியே நிற்கிறது.

சட்டைப்பை மாத்திரை, கூடவே வரும் மனைவி, கையில் தண்ணீர் பாட்டில், கதவோரச் சீட்டு, ஐந்து நிமிடத்துக்கொருமுறை நாடி பார்ப்பது, துடிப்பு காட்டும் வாட்ச் எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஒவ்வொரு முறை பத்திரமாக வீடு திரும்பும்போதும், ‘மனைவி இருந்தாள், பிழைத்தேன்’, ‘மாத்திரை இருந்தது, பிழைத்தேன்’ என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. அவை இல்லாவிட்டாலும் பிழைத்திருப்பீர்கள் என்பதைக் கற்றுக்கொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அட்டாக் பத்து நிமிடம். அதைத் தவிர்க்கும் ஏற்பாடுகள் நாள் முழுக்க. வேலையை விட்டவர்களையும், தங்கை கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தவர்களையும், வருடக்கணக்கில் வீட்டு வாசலைத் தாண்டாதவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களிடமிருந்து வாழ்க்கையைப் பிடுங்கியது பெரும்பாலும் இந்த ஏற்பாடுகள்தான்.

அடுத்த முறை வரும்போது இருந்த இடத்திலேயே இருங்கள். பஸ்ஸை விட்டு இறங்காதீர்கள். அதை அடக்கப் பார்க்காதீர்கள்; ‘வந்திருக்கிறது, ஏறும், இறங்கும்’ என்று விட்டுவிடுங்கள். “நல்லா இழுத்து மூச்சு விடு” என்று பக்கத்திலிருப்பவர் சொல்வதைக் கேட்டால் கிறுகிறுப்பு கூடும். ஏற்கெனவே அதிகமாகத்தானே வாங்குகிறீர்கள். மூக்கு வழியாகச் சாதாரண அளவு மூச்சு, அதைவிட நிதானமாக வெளியே விடுவது, இவ்வளவு போதும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய முறை வேண்டாம். உண்மையில் இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ இருந்தால் அது ஆபத்தாகிவிடும். மூச்சுப் பயிற்சி எவ்வளவு உதவுகிறது என்பதில் நிபுணர்களிடையே விவாதம் உண்டு. என் கருத்து: தவிப்பைக் கொஞ்சம் குறைக்க அது உதவும். ஆனால் ‘மூச்சுப் பயிற்சி செய்யாவிட்டால் செத்துவிடுவேன்’ என்ற நிலைக்குப் போனால் அதுவும் சட்டைப்பை மாத்திரை ஆகிவிடும்.

சிகிச்சையில் நல்ல ஆதாரம் உள்ளது சி.பி.டி. எனப்படும் பேச்சு சிகிச்சை. பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு அமர்வுகள். இதன் உயிர்நாடி, பயப்படும் உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைப்பது. ஒரு நிமிடம் வேகமாக மூச்சு வாங்கச் சொல்வோம். விரல் மரக்கும், தலை சுற்றும். சுழல் நாற்காலியில் சுற்றச் சொல்வோம். மெல்லிய ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சு விடச் சொல்வோம். மாடிப்படியில் ஓடச் சொல்வோம். ‘அட்டாக்கில் வருவதும் இதேதானே சார்’ என்று அவர்களே சொல்லும் கணம் ஒன்று வரும், பலருக்கு அதிலிருந்துதான் மாற்றம் தொடங்குகிறது. இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைச் செய்யக் கூடாது. பஸ்ஸுக்கும் இதே வழிதான். மனைவி அதே பஸ்ஸில் பெண்கள் பக்கம் உட்கார, நீங்கள் தனியாக நில்லுங்கள். பிறகு அவர் அடுத்த நிறுத்தத்தில் காத்திருக்கட்டும். பிறகு ஒரு நிறுத்தம் தனியாக, பிறகு மூன்று, பிறகு கூட்ட நேரத்தில், கடைசியில் மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டு. ஒரே படியில் நாலைந்து முறை நிற்க வேண்டியிருக்கும். சில நாள் பின்னால் போவீர்கள், பரவாயில்லை. இதை முறையாகச் செய்யத் தெரிந்த உளவியலாளர்கள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கிடைக்காத இடத்தில் மனநல மருத்துவரிடமே ‘படிப்படியாகப் பஸ் பழக வழி சொல்லுங்கள்’ என்று கேளுங்கள்.

மாத்திரை விஷயம். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவற்றை முதலில் தருவோம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுதாகத் தெரிய அதற்கும் மேல். முதல் ஓரிரு வாரம் படபடப்பு சற்றுக் கூடலாம், குமட்டலாம். அதனால்தான் சிறிய அளவில் தொடங்குகிறோம். பலரும் இந்தக் கட்டத்தில்தான் ‘மருந்து ஒத்துக்கல’ என்று நிறுத்திவிடுகிறார்கள். சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறையும். கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று உண்டு. சரியான பிறகு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தொடர்ந்து, பிறகு மெதுவாகக் குறைத்து நிறுத்துவோம். பெரும்பாலோருக்கு ஆயுசுக்கும் தேவைப்படுவதில்லை. நிறுத்திய பின் சிலருக்குத் திரும்ப வருவதும் உண்டு. 1960களின் தொடக்கத்தில், இதே கிளைன் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் இமிப்ரமின் என்ற மருந்தைப் பேனிக் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சாகப் போகிறேன் என்று செவிலியர்களிடம் ஓடி வருவதை அந்த நோயாளிகள் நிறுத்திவிட்டார்கள். ஆனால் வெளியே போகும் பயம் மட்டும் அப்படியே இருந்தது. மருந்து அட்டாக்கை நிறுத்தலாம். பஸ் ஏறுவதை நீங்கள்தான் பழக வேண்டியிருக்கும்.

அல்ப்ரஸோலம் வேறு வகை. வாயில் போட்ட மாத்திரை வேலை தொடங்கவே கால் மணி, அரை மணி நேரம் ஆகும். அட்டாக் பத்து நிமிடத்தில் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியிருக்கும். தானாக இறங்கியதற்குப் பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. சில வாரம் தினமும் எடுத்தாலே உடம்பு பழகிவிடும், அளவு கூடிக்கொண்டே போகும். நீண்ட நாள் எடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். இது மருந்துச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத, விற்பனையைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டிய மருந்து. தெரிந்த கடை என்பதற்காக வாங்கிச் சேர்க்காதீர்கள்.

அம்மா கட்டிய கயிற்றோடு எனக்குச் சண்டை இல்லை. அது அவருடைய அன்பு, இருக்கட்டும். ‘கயிறு அறுந்தால் அவ்வளவுதான்’ என்ற எண்ணம் வந்தால் மட்டும் சொல்லுங்கள், அதையும் பேசலாம். மனைவிக்கு ஒரு வேண்டுகோள்: “ஒண்ணுமில்ல, சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க” என்பது அந்த நேரத்தில் காயப்படுத்தும். “வந்திருக்கு, போயிடும்” என்று ஒருமுறை சொன்னால் போதும். “எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று அவர் பத்து முறை கேட்டால் பத்து முறையும் பதில் சொல்ல வேண்டாம். இது கல்மனசு இல்லை, சிகிச்சையின் ஒரு பகுதி.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. செலவில்லை. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவைக்கு 14416இல் கூப்பிடலாம். இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். எதிலும் பிடிப்பில்லாமல் போவது, பயத்தைத் தணிக்கத் தினமும் குடிப்பது, செத்துவிட்டால் தேவலை என்ற எண்ணம், இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்கே போங்கள்.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை: அந்தப் பாதி மாத்திரையை எப்போதாவது எடுக்கிறீர்களா, தினமுமா? தினமும் என்றால் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தருவார். எப்போதாவதுதான் என்றால், தைராய்டு ரிப்போர்ட் வந்த பிறகு, ஒரு நிறுத்தம் மட்டும், மனைவி அங்கே காத்திருக்கப் போய்ப் பாருங்கள்.